மூளை வளர்கிறதா? ஒரு சின்னத் திருத்தம்

எட்டு வாரம் தியானம் செய்தால் மூளையின் நினைவுப் பகுதி வளரும், மருத்துவ மாணவர்களிடம் ஹார்வர்டு இதை நிரூபித்துவிட்டது என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அவர் சொல்லும் அந்த 2011 ஹார்வர்டு ஆய்வு மருத்துவ மாணவர்களைப் பற்றியதே அல்ல. தியானப் பயிற்சி எடுத்தவர்கள் வெறும் 16 பேர். ஸ்கேனில் சாம்பல்நிறப் பொருளின் (நரம்பு செல்கள் நிறைந்த மூளைத் திசு) அடர்த்தி கூடியதாகத் தெரிந்தது, அவ்வளவுதான். 2022இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு 200க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஆராய்ந்தபோது மூளை அமைப்பில் அந்த மாற்றம் தென்படவில்லை. மனஅழுத்தம் குறைவது வேறு விஷயம், அதை நான் மறுக்கவில்லை. சரிபார்க்க விரும்புபவர்கள் பப்மெட்டில் (மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் இணையதளம்) அந்த ஆய்வின் முதன்மை ஆசிரியர் ஹோல்செல் (Holzel) என்ற பெயரையும் 2011ஐயும் ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஆய்வுச் சுருக்கத்திலேயே எண்ணிக்கை இருக்கும். 2022 கட்டுரை ‘சயின்ஸ் அட்வான்சஸ்’ இதழில் முழுசாக இலவசம்.