பந்தியில் சொல்லிச் சிரிக்கிற விஷயமா அது?

ஞாயிற்றுக்கிழமை தங்கச்சி வீட்டுக் காதுகுத்துப் பந்தியில், அவள் பையன் ஆஸ்பத்திரியில் வெட்கப்பட்டதை வீட்டுப் பெரியவர், அவனுடைய பெரியப்பா, எல்லோரும் சிரிக்கச் சொல்லிக் காட்டினார். அது பற்றி நான் போட்ட நாலு வரிக்கு இத்தனை பேருக்குக் கோபம் வரும் என்று நினைக்கவில்லை. "பெரிய மனுஷனை இப்படிப் பொதுவில் இழுக்கலாமா", "விளையாட்டுக்குச் சொன்னதைப் போய்", "தாய்மாமன் முறுக்கு இன்னும் இறங்கலையா". போனில் கூப்பிட்டுப் பதிவை எடுக்கச் சொன்னவர்களும் உண்டு. எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. "பையன் விஷயத்தை அவர் பந்தியில் சொன்னது தப்பு என்றால் நீ ஊருக்கே எழுதுவது மட்டும் சரியா?" என்று கேட்கத் தயாராக இருப்பவர்களுக்கு: இந்தப் பதிவை அவனிடம் காட்டிவிட்டுத்தான் போடுகிறேன். முழுக்கப் படித்தான். இரண்டு வரியை எடுக்கச் சொன்னான், எடுத்துவிட்டேன். பேர், ஊர், ஆஸ்பத்திரி எதுவும் இதில் இல்லை. பெரியவர் பந்தியில் ஆரம்பிக்கும் முன் அவனிடம் கேட்டாரா?

காதுகுத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி நடந்தது இதுதான். நன்றாகச் சாப்பிட்டுப் படுத்தவன் நடுராத்திரியில் வலி தாங்காமல் எழுந்திருக்கிறான். வாந்தி வேறு. அம்மாவிடம் "வயிறு வலிக்குது" என்றான். தங்கச்சி ஓமம் கொதிக்கவைத்துக் கொடுத்தாள், சாயங்காலம் தின்ற பரோட்டாவைத் திட்டினாள். வேறு எந்த அம்மாவாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். அவன் பாத்ரூமில் போய் உட்கார்ந்துகொண்டு எனக்கு வாட்ஸ்அப் அனுப்பினான்: "மாமா தூங்கிட்டீங்களா. வயிறு இல்ல. அம்மாட்ட சொல்லாதீங்க."

நான் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவன். டாக்டர் இல்லை. ஆனால் பதினைந்து வயசுப் பையன் தூக்கத்தில் இருந்து வலியோடு எழுந்து, வாந்தி எடுத்து, "வயிறு இல்ல" என்றால் என்னவாக இருக்கலாம் என்று தெரியும். விரைக்கு ரத்தம் கொண்டுபோகும் நாளம் முறுக்கிக்கொள்வது. டாக்டர்கள் டார்ஷன் என்பார்கள். பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வயதுக்குள்தான் அதிகம் வரும். அடிபட்டுத்தான் வரவேண்டும் என்று இல்லை, தூங்கும்போதே வரும். ரத்த ஓட்டம் நின்றுபோவதால், ஏறக்குறைய 6 மணி நேரத்துக்குள் பிரித்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஒரு நாள் தாண்டிவிட்டால் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டியதுதான். வலி அடிவயிற்றுக்கும் ஏறும் என்பதால் பையன் "வயிறு" என்றால் வீட்டில் யாருக்கும் சந்தேகமே வராது. ஓமத்திலும் ஜெலுசிலிலும் விடிந்துவிடும்.

அவனைக் கிளப்புவதுதான் கஷ்டமாக இருந்தது. "காலைல போலாம் மாமா." "இப்பக் கொஞ்சம் பரவால்ல மாமா." பரவாயில்லை என்று சொல்கிறவனுக்குப் பேச்சே வரவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அம்மா உள்ளே வருவாளா? லேடி டாக்டராக இருந்தால்? ஃபோட்டோ எடுப்பார்களா? கடைசியாகக் கேட்டான்: "பெரியப்பாவுக்குத் தெரியுமா?"

அந்தக் கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் கவனியுங்கள். ஊசிக்கோ கத்திக்கோ பையன் பயப்படவில்லை. நமக்குத்தான் பயந்தான். நாம் சிரிப்போம் என்று பயந்தான்.

நான் அவனை அதட்டவில்லை. "இதில் என்னடா வெட்கம்" என்றும் கேட்கவில்லை. வெட்கம் இருக்கும்போது அதை இல்லை என்று சொல்வதில் என்ன பிரயோஜனம்? உள்ளே என்ன நடக்கும் என்று அப்படியே சொன்னேன். டாக்டர் எப்போது ஆரம்பித்தது என்று கேட்பார். பேண்டை இறக்கச் சொல்லி, கையுறை போட்டுத் தொட்டுப் பார்ப்பார். தொடையின் உள்பக்கம் லேசாகக் கோடு இழுத்துப் பார்ப்பார், அது ஒரு டெஸ்ட், கோடு இழுத்ததும் விரை மேலே ஏறுகிறதா என்று பார்ப்பது. தேவைப்பட்டால் ஜெல் தடவி ஸ்கேன் பண்ணுவார்கள், ஜெல் ஜில்லென்று இருக்கும். பார்ப்பது சில நிமிஷம்தான். வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். அம்மா வெளியே இருப்பாள். நான் வேண்டுமானால் உள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன், வேண்டாம் என்றால் நானும் வெளியே. அப்புறம் 6 மணி நேரக் கணக்கையும் சொன்னேன், பயமுறுத்தாமல், மறைக்காமல். "சரி மாமா, வண்டிய எடுங்க" என்றான்.

டியூட்டியில் இருந்தது லேடி டாக்டர்தான். சின்னப் பெண், தூக்கக் கலக்கம். இவன் முகம் போன போக்கைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. திரையை இழுத்து மூடினார். நர்ஸை வெளியே நிற்கச் சொன்னார். "தம்பி, ஆண் டாக்டரைக் கூப்பிடலாம். அவர் வர நேரம் ஆகும், நமக்கு இல்லாதது அது ஒண்ணுதான். நான் பார்க்கட்டுமா, கூப்பிடட்டுமா? நீயே சொல்லு" என்றார். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். "நீங்களே பாருங்க மேடம்."

அப்புறம் ஆபரேஷன். முறுக்கைப் பிரித்து, மறுபடி முறுக்காமல் இரண்டு பக்கமும் தையல் போட்டார்கள். நன்றாக இருக்கிறான். கிரிக்கெட் ஆடுகிறான்.

இதைத்தான் பெரியவர் சாம்பார் வாளி வரும் நேரமாகப் பார்த்து, "நம்ம வீட்டு ஆம்பளச் சிங்கம் டாக்டரம்மா முன்னால..." என்று ஆரம்பித்து, நடித்துக் காட்டினார். கையை முன்னால் வைத்து மறைத்துக்கொண்டு. வரிசை முழுக்கச் சிரிப்பு. சிரித்தவர்களில் மூன்றுபேர் இதைப் படித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பையன் கையைக் கழுவாமலேயே மாடிக்குப் போய்விட்டான். என் மடியில் வைத்துக் காது குத்திய குழந்தையின் விசேஷம், தங்கச்சி வீடு, நான் எழுந்து கத்தினால் நாளைக்கு அவள்தான் அங்கே வாழவேண்டும். அதனால் மோரை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மோருக்குத்தான் இந்தப் பதிவு.

"விளையாட்டுக்குச் சொன்னது" என்கிறீர்கள். அந்த வரிசையில் அவன் வயசில் இன்னும் நாலைந்து பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள், சத்தமாகவே. நாளைக்கு அவர்களில் ஒருவனுக்கு நடுராத்திரியில் வலி வந்தால் யாரிடம் சொல்வான்? பாடம் அன்றைக்கே எடுத்தாகிவிட்டதே. சொன்னால் அடுத்த பந்தியில் நீதான் ஜோக்.

"உயிர் போகிற விஷயத்தில் சம்மதம் கேட்டுக்கொண்டு நிற்க முடியுமா, நாலு அறை விட்டுத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதானே?" நினைவில்லாமல் கிடந்தால் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் வாட்ஸ்அப் அனுப்புகிற அளவுக்கு நினைவு இருக்கிறவனை? அறை வாங்கிக்கொண்டு ஒருதடவை வருவான். இரண்டாவது தடவை வாயே திறக்கமாட்டான். பன்னிரண்டு வயசுக்குக் கீழே இருக்கும் குழந்தையின் சம்மதம்தான் சம்மதம் ஆகாது என்று 1860-இல் வெள்ளைக்காரன் எழுதிய தண்டனைச் சட்டமே சொன்னது. அதனால்தான் அந்த வயசைத் தாண்டிய பிள்ளையை டாக்டர்கள் அவனிடமே கேட்டுவிட்டுத் தொடுவது. நம் வீடுகளில் இருபத்தைந்து வயசு வரைக்கும் கேட்கமாட்டோம்.

"டாக்டருக்கு எல்லா உடம்பும் ஒன்றுதான்." சரி. பையனுக்கு?

"நாங்கள் எல்லாம் வாய்க்காலில் கோவணத்தோடு குளித்தவர்கள்." ரொம்ப சந்தோஷம். இப்போது வாய்க்காலும் இல்லை.

எனக்கும் ஒரு கதை இருக்கிறது. பிளஸ் டூ படிக்கும்போது முதுகுத்தண்டு முடியும் இடத்தில் சீழ்க்கட்டி. பைலோனிடல் சைனஸ், அந்த வயசுப் பையன்களுக்கு அதிகம் வருவது. அப்பா ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனார். அவர் கதவைச் சாத்தவே இல்லை. என்னைக் குப்புறப் படுக்கவைத்துவிட்டு, போனில் யாரிடமோ சிமெண்ட் மூட்டை விலை பேசிக்கொண்டிருந்தார். வெளியே பெஞ்சில் எங்கள் தெரு அக்கா ஒருத்தர் குழந்தையோடு உட்கார்ந்திருந்தார். பாவம், அவர்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கட்டி திரும்ப வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. பொதுத்தேர்வு முழுக்க ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து எழுதினேன். சூப்பர்வைசர் காப்பி அடிக்கிறேனோ என்று என் பக்கத்திலேயே நின்றார்.

இப்போது கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து வருகிற பையன்களைத் தூரத்தில் இருந்தே தெரியும். முதலில் ஒரு ஹால்ஸ் வாங்குவான். அப்புறம் "ஃப்ரெண்டுக்கு" என்று அரிப்புக்குக் களிம்பு கேட்பான். எங்கேயோ வாங்கித் தடவிய ஸ்டீராய்டு களிம்பில் படை இரண்டு மடங்காகப் பரவியிருக்கும். டாக்டரிடம் காட்டு தம்பி என்றால், "காட்டணுமா?" என்று கேட்டுவிட்டு அப்படியே போய்விடுவான். இவனுக்கும் வீட்டில் ஒரு பெரியப்பா இருப்பார்.

"இதெல்லாம் பெண்பிள்ளைகள் படுகிற பாட்டில் பாதிகூட இல்லை" என்று ஒரு தோழி எழுதியிருந்தார். உண்மை, பாதிகூட இல்லை. மாதவிடாய் தள்ளிப்போகிறது என்று வந்த பெண்ணிடம் அம்மாவை வைத்துக்கொண்டு "கல்யாணம் ஆயிடுச்சா" என்று கேட்கிற ஊர் இது. அதை அவரே எழுதட்டும், நான் பகிர்கிறேன்.

வெட்கத்தை மதித்தால் வைத்தியம் நின்றுபோகும் என்பவர்களுக்கு வேலூரைக் காட்டுகிறேன். 1890களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பேர் வெவ்வேறாக வந்து கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவம் சிக்கல். மருத்துவரான தன் அப்பாவை அனுப்புகிறேன் என்றார் ஐடா ஸ்கட்டர் என்ற இளம்பெண். அந்நிய ஆண் பார்க்கக்கூடாது என்று மூவரும் திரும்பிப் போனார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா அதை விருந்தில் நடித்துக் காட்டவில்லை. அமெரிக்கா போய் மருத்துவம் படித்து 1900-இல் டாக்டராகத் திரும்பி வந்தார். ஒரு கட்டிலில் ஆரம்பித்த வைத்தியம்தான் இன்றைக்கு வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி. 2014-இலிருந்து பத்து முதல் பத்தொன்பது வயசுப் பிள்ளைகளுக்கென்று ஒரு தேசியத் திட்டமே இருக்கிறது, தனியாக உட்காரவைத்துப் பேசும் கிளினிக்கும் அதில் உண்டு. நூறு வருஷத்துக்கு மேலாக வைத்தியம் வெட்கத்துக்கு இடம்கொடுத்துத்தான் வந்திருக்கிறது. நம் பந்திதான் இன்னும் வரவில்லை.

பெரியவர் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் என்கிறீர்கள். ஆமாம், இருக்கிறது. பதினைந்து வருஷமாக அவருக்கு எந்த மாத்திரை, எதற்காக, எந்தக் கவரில் மடித்துக் கொடுக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒருநாள்கூட ஒரு வார்த்தை என் வாயில் இருந்து வந்ததில்லை. இனிமேலும் வராது, கவலைப்படாமல் வாங்கிக்கொள்ளலாம். அதே மரியாதையை ஒரு சின்னப் பையனுக்குக் கேட்டால் எனக்கு முறுக்கு.

அடுத்த மாதம் பெரியவர் வீட்டுப் புதுமனை புகுவிழா. பத்திரிகை வந்துவிட்டது. பையன் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான், தங்கச்சி என்னை அவனிடம் பேசிப் பார்க்கச் சொல்கிறாள். பேசமாட்டேன். நானும் வரவில்லை. மொய் ஜிபே-யில் வரும்.