ரொறன்ரோ என்று வாய் நிறையச் சொல்கிறோமே

சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது மகன் கேட்டான்: "அப்பா, மொஹோக் பிள்ளைகளுக்கும் சனிக்கிழமை வகுப்பு இருக்கா?" ரொறன்ரோ என்ற பெயரே, இங்குள்ள பூர்வகுடிகளில் ஒருவரான மொஹோக் மக்களின் சொல்லிலிருந்து வந்ததாம், தண்ணீருக்குள் மரங்கள் நிற்கும் இடம் என்று அர்த்தமாம். பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

எங்கள் பிள்ளைகள் இங்கே தமிழை மறந்தாலும் யாழ்ப்பாணத்திலும் மதுரையிலும் யாராவது தமிழில் சண்டை பிடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். பூர்வகுடி மொழிகளுக்கு அப்படிப் போய் ஒதுங்க இன்னொரு ஊர் இல்லை.

2019இல் கனடா பூர்வகுடி மொழிகள் சட்டம் கொண்டுவந்தது. போதுமான, நிலையான, நீண்டகால நிதி கிடைப்பதற்காக அமைச்சர் பூர்வகுடி அரசுகளோடும் அமைப்புகளோடும் கலந்தாலோசிக்க வேண்டும் என்று அதன் 7ஆம் பிரிவு சொல்கிறது. நல்லது, கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்டுக்கொண்டே இருப்பதற்கு இவர்களிடம் நேரம் இல்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் மட்டும் 34 மொழிகள். அவற்றைச் சரளமாகப் பேசுபவர்களில் பாதிக்கு மேல் 65 வயதைத் தாண்டியவர்கள் என்று 2018 கணக்கெடுப்பு சொன்னது. ஒவ்வொரு குளிர்காலமும் சிலரைக் கொண்டுபோய்விடும்.

சட்டம் வந்த 2019 வரவுசெலவுத் திட்டத்தில் ஐந்து ஆண்டுகளுக்கு 333.7 மில்லியன் டொலர் ஒதுக்கினார்கள். பெரிய தொகை போலத்தான் தெரியும். நாடு முழுக்க உள்ள எழுபதுக்கு மேற்பட்ட பூர்வகுடி மொழிகளுக்குப் பிரித்துப் பாருங்கள், ஒரு மொழிக்கு வருடம் ஒரு மில்லியன்கூட வராது. ஸ்காபரோவில் ஒரு தனிவீட்டு விலை! 2021இல் இன்னும் 275 மில்லியன் சேர்த்தார்கள், மறுக்கவில்லை.

தொகையைவிட, காசு எதற்குப் போகிறது என்பதுதான் என் கவலை. செயலி செய்ய, சுவரொட்டி அடிக்க, விழா வைக்க என்றால் விண்ணப்பம் எழுதுவது சுகம். மொழி பிழைப்பது வேறு இடத்தில். பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு திட்டம் இருக்கிறது. ஒரு முதியவரும் கற்க வந்த ஒருவரும் வருடத்துக்கு 300 மணிநேரம் ஒன்றாக இருப்பார்கள். சமைப்பது, மீன் வெட்டுவது, கடைக்குப் போவது எல்லாம் அவர்கள் மொழியில்தான், ஆங்கிலம் கூடாது. நாங்கள் அம்மம்மாவின் அடுப்படியில் இலவசமாகப் பெற்றதை அவர்கள் மணிக்கணக்கு எழுதிப் பெற வேண்டியிருக்கிறது.

பிராண்ட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் சிக்ஸ் நேஷன்ஸ் என்ற பூர்வகுடிக் குடியிருப்பில் பெரியவர்களுக்கான முழுநேர மொஹோக் வகுப்பு நடக்கிறது. வாக்கியங்களை மனப்பாடம் செய்ய வைக்காமல் சொல்லைத் துண்டு துண்டாகப் பொருத்தக் கற்றுக் கொடுக்கிறார்கள். எங்கள் "போகமாட்டாளாம்" மாதிரி. போவது, மறுப்பது, அவள், யாரோ சொன்னது, நாலும் ஒரே சொல்லில்! மொஹோக்கில் ஒரு வினைச்சொல் இதைவிடவும் நீளும். அதை நாக்கில் பழக்க வருடக்கணக்கில் முழுநேரம் வேண்டும். அதுவரை வீட்டு வாடகையை யார் கட்டுவது? படிக்கிறவருக்குச் சம்பளம் கொடுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது. வருடாவருடம் புதுப்பிக்கும் மானியத்தை நம்பி யாரும் வேலையை விட்டுவிட்டு வர மாட்டார்கள்.

"எங்கள் வரிப்பணத்தில் இவர்களுக்கு இதுவுமா?" என்று எங்கள் ஆட்களே கேட்பதைக் கேட்டிருக்கிறேன். கலியாண வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான், வேறெங்கே. சரி, கணக்குப் பார்ப்போம். வீட்டிலிருந்து பிரித்து வைக்கும் வதிவிடப் பாடசாலைகளில் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பூர்வகுடிப் பிள்ளைகளைக் கொண்டுபோய் வைத்தார்கள். தாய்மொழியில் கதைத்தால் அடி. கடைசிப் பாடசாலை மூடியது 1990களில்தான். நூறு வருடத்துக்கு மேல் அதற்கு அரசாங்கக் காசு நிற்காமல் போனது. அப்போது யாரும் ஐந்து வருடத் திட்டம் என்று சொல்லவில்லை.

7ஆம் பிரிவு சொல்லும் அந்தக் கலந்தாலோசனை பூர்வகுடிகளுக்கானது, அங்கே போய் நாங்கள் பேச வேண்டியதில்லை. ஆனால் எங்கள் தொகுதி எம்பிக்கு எங்கள் வாக்கின் கணக்குத் தெரியும். நான் ஒரு பக்கத்தில் கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறேன். மகன் கேட்ட கேள்வியிலிருந்துதான் தொடங்கினேன். பதில் இன்னும் வரவில்லை. கடிதத்தின் பிரதி வேண்டுமென்றால் உள்பெட்டியில் கேளுங்கள்.