அனுப்பிவைக்கப்பட்ட மனைவிகளைப் பற்றியும் எழுதுங்கள்

ஆப்பிரிக்கத் திருமணங்களைப் பற்றிய உங்கள் கட்டுரை, கிறிஸ்தவம் வந்ததும் அங்குள்ள சடங்குகள் அழிந்துவிட்டன என்று சொல்கிறது. அப்படி ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. நைஜீரியாவின் இக்போ மக்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். ஆனாலும் அங்கே 'இக்பா ங்க்வு' என்ற கள் சடங்கு இன்றும் விமரிசையாக நடக்கிறது. மணப்பெண் கையில் கள் கோப்பையோடு கூட்டத்துக்குள் மாப்பிள்ளையைத் தேடி வருவாள். வழியில் மற்ற ஆண்கள் "இங்கே கொடு" என்று கை நீட்டிச் சீண்டுவார்கள். அவள் அவனைக் கண்டுபிடித்து, மண்டியிட்டு, ஒரு வாய் குடித்துவிட்டுக் கொடுப்பாள். அப்புறம்தான் வெள்ளை கவுன், சர்ச் எல்லாம்.

உண்மையான காயம் பலதார மணத்தில்தான் விழுந்தது. பல மனைவியர் உள்ள ஆணுக்கு ஞானஸ்நானம் கிடையாது என்று 1888 லாம்பெத் மாநாட்டில், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபைகளின் பேராயர்கள் உலகெங்கிலுமிருந்து கூடும் மாநாட்டில், முடிவெடுத்தார்கள். திருச்சபையில் சேர வேண்டுமானால் ஒருத்தியை வைத்துக்கொண்டு மற்றவர்களை அனுப்பிவிட வேண்டும். பத்து வருடம் குடும்பம் நடத்தி, பிள்ளை பெற்றவள் எங்கே போவாள்? தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதிப் பேராயர் கொலென்சோ இது அநியாயம் என்று அதற்கு முன்பே வாதாடினார். யார் கேட்டார்கள்! 1988 மாநாட்டில்தான் மனம் மாறினார்கள்: இனிப் புதிதாக மணம் செய்யமாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, உள்ளூர்ச் சபையும் சம்மதித்தால் போதும், இருக்கும் மனைவிகளை விலக்கக் கட்டாயமில்லை. சரியாக நூறு வருடம்!

கட்டுரையில் அந்தப் பெண்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அடுத்த பகுதி எழுதினால் தயவுசெய்து அவர்களைச் சேருங்கள்.