பெர்லின் புனித ஹெட்விக் மருத்துவமனை: சுற்றும் தகவல் தவறு

"பெர்லினின் புனித ஹெட்விக் மருத்துவமனையை மன்னர் இரண்டாம் பிரடெரிக் 1747இல் கட்டினார், கிழக்கு ஜெர்மனி அரசு அதைப் பறித்துக்கொண்டது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டும் தவறு.

1747இல் கட்டத் தொடங்கியது அதே பெயருள்ள பேராலயம். அது 1773இல் வழிபாட்டுக்காக அர்ப்பணிக்கப்பட்டது. மருத்துவமனை தொடங்கியது 1846இல். மன்னர் இறந்து அப்போது 60 ஆண்டுகள் ஆகியிருந்தன. நோயாளிகளைப் பராமரித்தவர்கள் பொரோமியோ சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையின் சகோதரிகள். குரோசே ஹாம்பர்கர் வீதியில் இன்றும் நிற்கும் சிவப்புச் செங்கல் கட்டடம் 1850களில் எழுந்தது. வடிவமைத்தவர் வின்சென்ஸ் ஸ்டாட்ஸ். இரண்டின் படங்களையும் பார்த்தாலே பிடிபடும்: பேராலயத்துக்குப் பெரிய வட்டக் குவிமாடம், மருத்துவமனைக்குக் கோதிக் பாணிக் கூர்வளைவுகள்.

கிழக்கு பெர்லினில் இருந்தபோதும் அது கத்தோலிக்க மருத்துவமனையாகவே இயங்கியது. இப்போது அலெக்சியானர் என்ற கத்தோலிக்க மருத்துவமனைக் குழுமத்திடம் உள்ளது. அங்குள்ள மனநலப் பிரிவு பெர்லினின் அரசுப் பல்கலைக்கழக மருத்துவமனையான சாரிட்டேயோடு இணைந்தது. அரசு எடுத்துக்கொண்டது என்ற குழப்பம் அதனால் வந்திருக்கலாம்.

மருத்துவமனையின் இணையதளத்திலும் பெர்லின் நகரின் பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் பட்டியலிலும் சரிபார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்; அனுப்பியிருந்தால் அதே குழுவில் இந்தத் திருத்தத்தையும் போட்டுவிடுங்கள்.