துரை பங்களாச் சுவருக்குச் சீமெந்து வேண்டாம்
நுவரெலியா பக்கத்துப் பழைய துரை பங்களாக்களில், அதாவது தேயிலைத் தோட்டத் துரைமாரின் வீடுகளில், ஈரம் ஏறும் சுவரைச் சீமெந்து பூசி அடைத்துவிடலாம் என்கிறது ஒரு கட்டுரை. தயவுசெய்து வேண்டாம். கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்துமாக எழுப்பிய சுவர், வாங்கிய ஈரத்தை மேற்பரப்பு வழியேதான் வெளியே விடும். சீமெந்து மூடினால் அது உள்ளேயே தங்கி, சுவருக்குள் செருகிய மர உத்தரங்களின் முனைகளை உக்க வைத்துவிடும். வெளியே பார்த்தால் சுவர் பளிச்சென்று இருக்கும், அதுதான் ஆபத்து. முதலில் கூரைப் பீலியின் ஒழுக்கை நிறுத்துங்கள். சுவரோர மண்ணை உள்தரைக்கு 15 செ.மீ.யாவது கீழே இறக்குங்கள்; பலகைத் தரைக்கு அடியிலுள்ள காற்றுத் துளைகளைப் பூச்செடி மூடியிருந்தால் வெட்டுங்கள். பிறகே 1 பங்கு சுண்ணாம்பு, 3 பங்கு உப்பில்லாத மணல் கலந்த சாந்து, ஒரு தடவைக்கு 10 மி.மீ.க்கு மேற்படாமல். ஈரச் சாக்கு தொங்கவிட்டு மெல்ல உலர விடவேண்டும். அடைமழையில் தொடங்கினால் இறுகாது. அதன்மேல் பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் மறுபடியும் அதே கதை; சுண்ணாம்பு வெள்ளையடிப்பு மட்டுமே செய்யுங்கள்.