தவறாகப் பிரிந்த செல் இறந்தாக வேண்டும்

சென்ற ஆண்டு என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய்க்காகப் பாக்லிடாக்சல் என்ற மருந்தை ஏற்றினார்கள். ஒரு தடவை ஏற்றி முடிக்க மூன்று மணி நேரம் ஆகும். பாட்டிலிலிருந்து சொட்டுச் சொட்டாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தவர் திடீரென்று என்னிடம் கேட்டார்: "செல்லு பிரியறப்ப தப்பு நடந்ததாலதானடா இது வந்துச்சு? இந்த மருந்தும் பிரியறதத்தான் கெடுக்குதுங்கற. தப்பை இன்னும் அதிகமாக்கினா நோய் எப்படிடா போகும்?"

இருபது ஆண்டுகளாக மேல்நிலை வகுப்புகளுக்கு உயிரியல் நடத்துகிறேன். செல் பிரிதலின் நான்கு நிலைகளைக் கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் வரைந்துவிடுவேன். ஆனாலும் அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு தேடிப் படித்ததில், நாங்கள் காலங்காலமாகச் சொல்லிக்கொடுக்கும் "கட்டுப்பாடின்றிச் செல்கள் பெருகுவதே புற்றுநோய்" என்ற வரி பாதி உண்மைதான் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். சாக வேண்டிய செல் சாகாமல் போவது அதன் மறுபாதி. அதை நாம் சொல்வதே இல்லை.

பிரியப் போகும் மனிதச் செல், மரபணுக்களைச் சுமக்கும் தன் 46 குரோமோசோம்களையும் முதலில் இரட்டித்துக்கொள்கிறது. செல்லின் இரு முனைகளிலிருந்தும் வந்து குரோமோசோம்களை இழுத்துப் பிரிக்கும் கதிர்கோல் இழைகள் ஒவ்வொரு இரட்டையையும் இரு பக்கமும் பற்றிக்கொள்ள வேண்டும். எல்லாம் பற்றப்பட்ட பிறகே பிரிப்பு தொடங்கும். ஒரே ஒரு குரோமோசோம் பற்றப்படாமல் நின்றாலும் அது எழுப்பும் தடைச் சமிக்ஞை செல் முழுவதையும் நிறுத்தி வைத்துவிடும். இந்தக் காவலை நடத்தும் மேட், பப் மரபணுக்களை 1991இல் இரு ஆய்வுக் குழுக்கள் ரொட்டி ஈஸ்ட்டில் கண்டறிந்தன. வெங்காய வேர்நுனியை நசுக்கி நுண்ணோக்கியில் காட்டும்போது, குரோமோசோம்கள் நடுவில் வரிசை கட்டி நிற்கும் நிலையைத்தான் மாணவர்கள் முதலில் அடையாளம் காண்பார்கள். அந்த வரிசை எதற்காகக் காத்து நிற்கிறது என்று நான் அவர்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

அந்தக் காத்திருப்புக்கு ஓர் எல்லை உண்டு. வழக்கமாக ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டிய வேலை பல மணி நேரம் இழுத்தால், செல்லுக்குள் இரண்டு காரியங்கள் ஒன்றையொன்று முந்தப் பார்க்கின்றன. பிரியும் நிலையில் குரோமோசோம்கள் இறுகிச் சுருண்டிருப்பதால் செல்லால் புதிய புரதங்களைப் பெரிதாக ஆக்கிக்கொள்ள முடியாது. இருப்பதை வைத்துத்தான் காலத்தை ஓட்ட வேண்டும். செல்லை உயிரோடு பிடித்து வைத்திருக்கும் எம்.சி.எல்-1 என்ற புரதமோ நேரம் ஆக ஆகக் கரைந்துகொண்டே வருகிறது. அது தீர்ந்துபோனால் செல் தன்னைத் தானே சிதைத்துக்கொள்ளும். இன்னொரு பக்கம், செல்லைப் பிரிநிலையிலேயே நிறுத்தி வைக்கும் சைக்ளின் பி என்ற புரதமும் மெல்ல மெல்லக் குறைகிறது. இது முதலில் எல்லைக்குக் கீழே போனால், செல் பிரியாமலேயே இரட்டைக் குரோமோசோம் தொகுதியோடு நழுவி வெளியேறிவிடும். இந்தப் பந்தயத்தை மான்செஸ்டரில் 2008இல், பிரிதலைத் தடுக்கும் மருந்துகளைக் கொடுத்து, செல்களை ஒவ்வொன்றாகப் படம்பிடித்துக் காட்டினார்கள். ஒரே தட்டில், ஒரே மருந்தில், அக்கம்பக்கத்தில் இருந்த இரண்டு செல்களில் ஒன்று செத்தது, மற்றொன்று நழுவியது. நழுவியதை அடுத்துப் பிடிக்க வேண்டியது பி53 என்ற புரதம். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழ பாதியில் பழுதாகிக் கிடப்பது அதுவேதான்.

மருந்தே இல்லாமலும் உடல் இதே வழியைக் கையாள்கிறது. குரோமோசோம் நுனிகளைக் காக்கும் டெலோமியர் ஒவ்வொரு பிரிவிலும் தேய்கிறது. பி53 போன்ற காவல்கள் போன பிறகும் விடாமல் பிரிந்துகொண்டே போகும் செல்லில், தேய்ந்த நுனிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, செல் பிரிநிலையில் சிக்கி நின்று சாகிறது என்று கலிபோர்னியாவின் சால்க் ஆய்வகத்தினர் 2015இல் காட்டினார்கள். புற்றுநோயாக மாறுவதற்கு ஒரு படி முன்னால் நிற்கும் செல்லை, அதன் பிரிவே கொன்றுவிடுகிறது. உடலைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை இந்த அளவுக்கு நெகிழ வைத்த செய்தி வேறு இல்லை.

அக்காவின் கேள்விக்கான விடையின் தொடக்கம் நூறாண்டுக்கும் முந்தையது. தியோடர் போவெரி என்ற ஜெர்மானிய உயிரியலாளர் கடல் முள்ளெலி முட்டைகளில் இரண்டு விந்தணுக்கள் நுழைந்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார். இரண்டு முனைகள் இருக்க வேண்டிய இடத்தில் நான்கு முனைகள் தோன்றின, குரோமோசோம்கள் நான்கு பக்கமும் தாறுமாறாக இழுபட்டன, அப்படி உண்டான கருக்களில் பெரும்பாலானவை சிதைந்து மாண்டன. 1902இல் இதை வெளியிட்ட அவரே, 1914இல், குரோமோசோம்கள் தவறாகப் பங்கிடப்பட்டும் பிழைத்துக்கொள்ளும் செல்லிலிருந்துதான் புற்று தோன்றுகிறது என்று எழுதினார். ஒரே பிழைக்கு இரண்டு முடிவுகள் உண்டு என்பதைக் கடல் முள்ளெலியை வைத்துக்கொண்டு அவர் கண்டுவிட்டார்!

2014இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தினர் பாக்லிடாக்சல் ஏற்றிக்கொண்ட மார்பகப் புற்றுநோயாளிகளின் கட்டியிலிருந்து திசு எடுத்துப் பார்த்தார்கள். செல்கள் பிரிநிலையில் நீண்ட நேரம் நின்று சாகும் என்றுதான் அதுவரை நம்பியிருந்தார்கள். அவர்கள் கண்டதோ, போவெரி முட்டைகளில் கண்ட அதே காட்சி: இரண்டுக்கு மேற்பட்ட முனைகள், திசைக்கொன்றாக இழுபடும் குரோமோசோம்கள். கொஞ்சம் பிழையோடு வாழப் பழகிவிட்ட புற்றுச் செல்லின் மேல், இனி வாழவே முடியாத அளவுக்குப் பிழையை அந்த மருந்து ஏற்றிவிடுகிறது.

ஒரு குரோமோசோம் கூடியோ குறைந்தோ போனாலும் ஒரு செல் தட்டுத்தடுமாறிப் பிழைத்துக்கொள்ளலாம். பத்து இடம் மாறினால் இன்றியமையாத ஏதோ ஒன்று இல்லாமலே போய்விடும். 2007இல் வெளியான எலி ஆய்வு ஒன்றும் இதற்குத் துணை நிற்கிறது. முன்பு சொன்ன காவலைச் சேர்ந்த பப்1 புரதம் குறைக்கப்பட்ட எலிகளில் பிரிதல் பிழைகள் பெருகியதோடு, பிழையான செல்கள் சாவதும் குறைந்தது. அந்த எலிகளுக்குக் கட்டிகள் அதிகமாக வந்தன.

அடுத்த சுற்றின்போது இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். நம் தென்மாவட்டங்களில் ஏற்றுமதிக்காகப் பயிரிடும் நித்தியகல்யாணியிலிருந்து எடுக்கும் வின்கிரிஸ்டினும் இதே கதிர்கோல் இழைகளைத்தான் தாக்குகிறது என்றும், பாக்லிடாக்சல் இழைகளைக் கலையவிடாமல் இறுக்குகிறது, வின்கிரிஸ்டின் அவற்றை உருவாகவே விடுவதில்லை என்றும் சொன்னேன். கேட்டுவிட்டு, துண்டு கட்டியிருந்த தலையைத் தொட்டுக் காட்டினார். முடியின் வேரில் இருக்கும் செல்களும் ஓயாமல் பிரிகிறவை; மருந்துக்கு அவற்றைப் பிரித்தறியத் தெரியாது. முடி கொட்டும் என்று முன்கூட்டியே சொல்லும் மருத்துவமனைகள், ஏன் கொட்டுகிறது என்பதையும் நான்கு வரி தமிழில் அச்சடித்துக் கொடுத்தால் என்ன? நோயாளிக்குப் புரியாது என்று நினைப்பது தவறு. என் அக்கா எட்டாம் வகுப்பு வரை படித்தவர், கேள்வியை அவர்தான் கேட்டார்.

இத்தனை தடவை ஏன் ஏற்ற வேண்டும் என்பதும் அவருக்கு அப்போதுதான் விளங்கியது. கட்டியில் உள்ள எல்லாச் செல்களும் ஒரே நாளில் பிரிவதில்லை. இந்த மருந்தில் சிக்குகிறவை அந்தந்த நேரத்தில் பிரிந்துகொண்டிருப்பவை மட்டுமே. சும்மா இருந்தவை பிரியத் தொடங்கும்போது அவற்றுக்காக மறுபடியும் ஏற்ற வேண்டியிருக்கிறது.