பணித்தளத்துப் படங்களைப் போடாதீர்கள்

சபை வாட்ஸ்அப் குழுக்களிலும் ஊழிய ஆதரவாளர் குழுக்களிலும் இருக்கிற எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். வட இந்தியப் பணித்தளங்களிலிருந்து, அதாவது நம் மிஷனெரி ஊழியர்கள் இருக்கும் ஊர்களிலிருந்து, வரும் ஞானஸ்நானப் படங்களை யாருக்கும் அனுப்பாதீர்கள். போனில் இருப்பதை அழித்துவிடுங்கள். முகநூலில் போட்டிருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

போன வாரம் எனக்கு வந்த படம் இது. இடுப்பளவு ஆற்றுத் தண்ணீர். நடுவில் நம்மூர் ஊழியர். பக்கத்தில் நனைந்த சேலையோடு ஒரு பெண். கரையில் வரிசையாக நிற்பவர்கள் ஒவ்வொருவர் முகமும் துல்லியமாகத் தெரிகிறது. கீழே ஊர்ப் பெயர், மாவட்டம், தேதி, "இத்தனை ஆத்துமாக்கள்" என்று எண்ணிக்கை. அதற்கும் கீழே நம் ஆட்களின் அல்லேலூயாவும் ஸ்தோத்திரமும். அனுப்பியவர் நல்ல மனுஷர், ஜெபிக்கத்தான் அனுப்பினார். ஆனால் காவல் நிலையத்தில் ஒரு புகார் எழுத இதற்கு மேல் என்ன வேண்டும்? இடம், நாள், ஆள், சாட்சி எல்லாவற்றையும் நாமே எடுத்துக் கொடுத்துவிட்டோமே.

இது வெறும் பயம் இல்லை. மதமாற்றத் தடைச் சட்டம் ஒடிசாவில் 1967-லும் மத்தியப் பிரதேசத்தில் 1968-லும் வந்தது. அரசியலமைப்பின் 25-வது பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைக் கொடுக்கிறது, ஆனால் இன்னொருவரை மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்றைக்குப் பத்துக்கு மேற்பட்ட மாநிலங்களில் இந்தச் சட்டம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தில் 2021-ல் நிறைவேறியதை 2024-ல் இன்னும் இறுக்கினார்கள். சில குற்றங்களுக்கு ஆயுள் தண்டனை வரை போகலாம், பாதிக்கப்பட்டவரோ உறவினரோதான் என்று இல்லாமல் யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். தமிழ்நாட்டில் 2002-ல் ஓர் அவசரச் சட்டம் வந்தது, 2004-ல் போயும்விட்டது. அந்தச் சட்டத்தின் நிழலில் வருஷக்கணக்காக வாழ்வது எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியாது. அதனால்தான் கை இவ்வளவு தாராளமாக 'ஷேர்' பொத்தானுக்குப் போகிறது.

சட்டத்தை விடுங்கள், ஊர் இருக்கிறதே. 2025 ஜனவரியில் சத்தீஸ்கரின் பஸ்தாரில் ஒரு போதகர் இறந்தார். அவருடைய சொந்த ஊரில் அடக்கம் பண்ண ஊரார் விடவில்லை. மகன் உயர் நீதிமன்றம் போய், உச்ச நீதிமன்றம் வரை போனார். ஏறக்குறைய மூன்று வாரம் உடல் பிணவறையில் கிடந்தது. இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு கருத்துச் சொல்லி, கடைசியில் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள கிறிஸ்தவக் கல்லறையில் புதைக்கச் சொல்லி உத்தரவானது. பெற்ற அப்பாவைத் தாத்தா இருக்கிற மண்ணில் புதைக்க முடியவில்லை. விசுவாசத்துக்கு அங்கே கொடுக்கிற விலை இது. அந்த விலையை நாம் கொடுப்பதில்லை. நம் ஊழியர்கூடப் பெரும்பாலும் கொடுப்பதில்லை. அவர் கைதானால் ஜாமீன் எடுக்க ஸ்தாபனம் உண்டு, நிலைமை மோசமானால் ரயிலேறிப் பாளையங்கோட்டைக்கு வந்துவிடலாம். அந்தப் படத்தில் நிற்கிற பெண் எந்த ரயிலில் ஏறுவாள்?

அப்படியும் ஏன் படம் வருகிறது என்றால், நாம் கேட்கிறோம், அதனால் வருகிறது. ஒரு சபை ஒரு ஊழியரைத் தாங்குகிறது. மாதம் தவறாமல் பணம் போகிறது, மாதம் தவறாமல் அறிக்கை வர வேண்டும். மிஷனெரி ஞாயிறு அன்று திரையில் காட்டப் படம் வேண்டும். "இந்த வருஷம் எத்தனை பேர்?" என்று கமிட்டியில் யாராவது ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார். காசநோய் பிடித்த ஒரு தாய்க்கு ஆறு மாதமும் ஒரு நாள் விடாமல் மாத்திரை கொடுத்து எழுப்பி நடக்க வைத்தேன் என்று ஊழியர் எழுதினால் நாம் வாசித்துவிட்டு அடுத்த பக்கம் போகிறோம். பன்னிரண்டு பேர் முழுக்கு எடுத்தார்கள் என்றால் கைதட்டுகிறோம். அவரும் மனுஷர்தானே, எதை எழுதினால் குடும்பம் நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? இந்த எண்ணிக்கை ஆசைதான் இன்றைக்கு நம் மிஷனெரி ஊழியத்தைப் பிடித்திருக்கிற நோய் என்று நான் நினைக்கிறேன். வெளியிலிருந்து வரும் எதிர்ப்பைவிட இது எனக்கு அதிகக் கவலையாக இருக்கிறது.

2018 நவம்பரில் அந்தமானின் வடக்கு சென்டினல் தீவுக்குப் போய் அம்பு பட்டு இறந்த அமெரிக்க இளைஞர் ஜான் ஆலன் சௌ என்பவரை, விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த இரத்தசாட்சி என்று நம் குழுக்களில் பலர் எழுதினார்கள். அவருடைய வைராக்கியத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் நமக்குச் சாதாரணமாக வரும் சளிக்காய்ச்சல் அந்தத் தீவில் ஒரு ஜனத்தையே துடைத்துவிடும். அவர்கள் வேண்டாம் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். போகிறவருடைய தியாகத்தை மட்டும் அளந்துவிட்டு, எதிரே நிற்கிறவருக்கு என்ன ஆகும் என்று கேட்காமல் விடுகிற ஊழியத்தை என்னால் கொண்டாட முடியாது.

இதை எனக்கு முன்னே, எவ்வளவோ உயரமான இடத்தில் நின்று சொன்னவர் நம்மூர்க்காரர்தான். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1902-ல் யாழ்ப்பாணம் போனபோது, அங்கிருக்கும் தமிழ்க் கிறிஸ்தவர்களே பணம் சேர்த்து இந்தியாவுக்கு ஊழியர் அனுப்புவதைப் பார்த்தார். அடுத்த வருஷமே, 1903-ல், திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. நிஜாம் ராஜ்யத்தின் தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினார்கள். பிறகு அசரியா தாமே அங்கே போனார், தெலுங்கு படித்தார், 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். இதெல்லாம் நாம் ஸ்தோத்திரப் பண்டிகைகளில் பெருமையோடு சொல்லிக்கொள்வதுதான். 1910 எடின்பரோ மாநாட்டை மட்டும் அவ்வளவாகச் சொல்வதில்லை. உலகத்தின் மிஷனெரி ஸ்தாபனங்களிலிருந்து 1,200 பேர் கூடியிருந்த அவையில் எழுந்து, வெள்ளைக்கார மிஷனெரிக்கும் இந்திய ஊழியருக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியைப் போட்டு உடைத்தார். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கப்படவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று முடித்தார். அன்பில்லாவிட்டால் எதுவும் பிரயோஜனமில்லை என்கிற ஒன்று கொரிந்தியர் பதின்மூன்றாம் அதிகாரத்தை அவர்கள் முகத்துக்கு நேரே வாசித்த மாதிரி. அங்கே பலருக்கு அது பிடிக்கவில்லை.

இப்போது வெள்ளைக்காரர் இருந்த இடத்தில் நாம் இருக்கிறோம். திருநெல்வேலி, கன்னியாகுமரி, தூத்துக்குடி சபைகளிலிருந்து ஆட்களும் பணமும் குஜராத்தின் டாங் காட்டுக்கும் ஜார்கண்டின் ராஜ்மகால் மலைக்கும் போகின்றன. அங்கே போய் நாம் எப்படி நடந்துகொள்கிறோம்? ஆதரவாளர் குழு ஒன்று பேருந்து பிடித்துப் போகிறது. நமக்கு பிளாஸ்டிக் நாற்காலி, ஊர் ஜனங்களுக்குத் தரையில் பாய். கம்பளி கொடுக்கும்போது கேமராவைப் பார்க்கச் சொல்கிறோம். ஓலை வேய்ந்த வீடுகளுக்கு நடுவில் ஒரு காங்கிரீட் ஆலயம், அதன் வாசலில் கருங்கல் பலகை, அதில் நாகர்கோவில் குடும்பம் ஒன்றின் பெயர் தமிழில். அந்த ஊரில் அதை வாசிக்க ஒருவர்கூடக் கிடையாது. உள்ளே நம் கீர்த்தனை மெட்டுக்குள் அவர்கள் மொழியைத் திணித்துப் பாடுகிறார்கள். கல்யாணத்துக்கும் அறுவடைக்கும் இரவெல்லாம் ஆடிப் பாடுகிற ஜனத்திடம், ஆட்டம் பாவம் என்று சொல்லிவைத்திருக்கிறோம். மலைக்கு மலை நடந்து நோயாளியைச் சுமந்து வருகிற உள்ளூர் சுவிசேஷகருக்கு நம் ஊழியரைவிடக் குறைந்த சம்பளம். கேட்டால் அவர்களுக்குச் செலவு குறைவு என்கிறார்கள். எடின்பரோவில் அசரியா கேட்டுச் சலித்த பதிலும் இந்த வகைதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் ஜாதியையும் கையோடு கொண்டுபோகிறோம். கல்லறைத் தோட்டத்தில்கூட ஜாதிக்கொரு பக்கம் பார்க்கிற சபைகள் நம்மிடம் உண்டு. அதைச் சரிசெய்யாமல் ஆதிவாசிக் கிராமத்தில் போய்க் கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை என்று எந்த வாயால் பிரசங்கிப்பது?

ஊழியர்களைக் குறை சொல்லவில்லை. ராஜ்மகால் மலையில் மால்தோ ஜனத்தின் நடுவில் நம் பிள்ளைகள் பட்ட பாடு சாதாரணமில்லை. மலேரியாவும் காலா அசார் என்கிற காய்ச்சலும் ஊர் ஊராகக் கொள்ளைகொண்டிருந்த மலை அது. அங்கே போய் இரத்தம் பரிசோதித்து, மாத்திரை கொடுத்து, இரவில் ஆளைக் கட்டிலோடு தூக்கி இறக்கினார்கள். மால்தோ நம் தமிழுக்கு உறவுமொழி, தெற்கே இருக்கிற திராவிடக் குடும்பத்திலிருந்து பிரிந்து வடக்கே தனித்து நிற்கிற மொழி. பிள்ளைகளை டோனாவூர் விடுதியில் விட்டுவிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டு அங்கே முடி நரைத்த தம்பதிகள் உண்டு. அவர்கள் அந்த ஜனத்தின் நண்பர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்களை எண்ணிக்கை கேட்டுத் துன்பப்படுத்துகிற நாம்தான் இன்னும் நண்பர்களாகவில்லை.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தை 2020-ல் திருத்தியபோது, ஒரு ஸ்தாபனம் வாங்கிய பணத்தை இன்னொன்றுக்குக் கொடுப்பதை நிறுத்தினார்கள், நிர்வாகச் செலவை 20 சதவீதத்துக்குள் சுருக்கினார்கள். பெரிய ஸ்தாபனங்கள் வழியாகப் பணம் வாங்கிய சின்ன ஊழியங்களுக்கு மூச்சு முட்டியது. பலர் அழுதார்கள். எனக்கு அதில் ஒரு வாசலும் தெரிகிறது. 1905-ல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோதே இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்றுதான் வைத்தார்கள். மிசோரத்தைப் பாருங்கள். 1894-ல் இரண்டு மிஷனெரிகள் அங்கே போய் எழுத்து உண்டாக்கிக் கொடுத்தார்கள். இன்றைக்கு ஒவ்வொரு வீட்டிலும் உலையில் அரிசி போடும்போது ஒரு கைப்பிடி தனியே எடுத்து வைத்து, அதைச் சேர்த்து விற்று, அந்தப் பணத்தில் இந்தியா முழுக்க ஊழியர் அனுப்புகிறார்கள். எந்தச் சட்டத் திருத்தம் அந்த அரிசிப் பானையைத் தொடும்?

ராஞ்சியின் கதை இன்னும் நெருக்கமானது. கோஸ்னர் மிஷனின் ஜெர்மானியர்கள் 1845-ல் வந்து ஊன்றிய சபை. முதல் உலகப் போரில் ஜெர்மானியர் என்பதற்காக அவர்களைப் பிரிட்டிஷ் அரசாங்கம் நாட்டைவிட்டு அனுப்பியது. இனி சபை அவ்வளவுதான் என்று நினைத்தவர்கள் இருந்திருப்பார்கள். உராவ்ன், முண்டா, காரியா ஜனங்கள் 1919-ல் தாங்களே பொறுப்பெடுத்துச் சுயாதீன சபையாக நின்றார்கள், இன்றுவரை நிற்கிறார்கள்.

அந்தச் சபைகளின் பேரப்பிள்ளைகள் இப்போது நம் தெருவில் இருக்கிறார்கள். பிழைப்புக்காகத் திருப்பூர் வந்த திருநெல்வேலிக்காரன் நான். இங்கே பனியன் கம்பெனிகளில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் ஜார்கண்டின் சிம்டேகாவிலிருந்தும் ஒடிசாவின் சுந்தர்கட்டிலிருந்தும் வந்தவர்கள் உண்டு. ஒடிசாவின் கந்தமாலிலிருந்து, 2008 கலவரத்தில் வீடு எரிந்த குடும்பங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு. ஞாயிறு மத்தியானம் எங்கள் சபையின் கூடத்தில் சாத்ரி மொழியில் ஆராதனை நடத்துகிறார்கள். மாந்தர் என்கிற மத்தளத்தைத் தோளில் மாட்டி அடித்துக்கொண்டே பாட்டு. வாசலில் செருப்புகள் ஒழுங்காக வரிசையில். பலர் ஞாயிறும் ஓவர்டைம் முடித்துக் கம்பெனி அடையாள அட்டையைக் கழற்றாமலே வருகிறார்கள்.

அவர்களுடைய மூப்பரிடம், உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டேன். காசு கேட்பார் என்று பக்கத்தில் இருந்தவர்கள் எதிர்பார்த்தார்கள். அவர் கேட்டது இரண்டு. இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது தமிழ் தெரிந்த ஒருவர் கூட வர வேண்டும். இரண்டாவது, இங்கே யாராவது இறந்துபோனால், ஊருக்குக் கொண்டுபோக வழியில்லாவிட்டால், உங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் தருவீர்களா?

கமிட்டியில் இதைச் சொன்னபோது வந்த முதல் கேள்வி, அவர்கள் சந்தாப் பட்டியலில் இருக்கிறார்களா என்பது. பஸ்தாரில் அடக்கம் மறுத்த செய்தியைக் கேட்டு உபவாச ஜெபம் வைத்த சபை எங்களுடையது. எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

எல்லை தாண்டிய ஊழியத்துக்கு இன்றைக்கு வாசல்கள் அடைபடுகின்றன என்று புலம்புகிறவர்களிடம் இதைத்தான் சொல்கிறேன். ரயிலேற வேண்டாம், விசா வேண்டாம், எந்தக் கலெக்டருக்கும் மனுப் போட வேண்டாம். ஆஸ்பத்திரி வரிசையில் கூட நில்லுங்கள். அந்தப் பிள்ளைகளைக் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டு, உங்கள் மேஜையில், உங்கள் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிடுங்கள். அவர்களில் ஒருவரை நம் பீடத்தில் பிரசங்கம் பண்ணச் சொல்லி, நாம் கீழே உட்கார்ந்து கேட்போம். நெருப்பில் நின்றவர்களிடம் விசுவாசம் கற்றுக்கொள்ள நமக்கு நிறைய இருக்கிறது. பணித்தளங்களில் உள்ளூர் சுவிசேஷகருக்கும் நம் ஊழியருக்கும் ஒரே சம்பளம் கொடுக்கச் சொல்லி ஸ்தாபனங்களுக்கு எழுதுவோம். மாத அறிக்கையில் எண்ணிக்கை வேண்டாம், படம் வேண்டாம், ஜெபக் குறிப்பு போதும் என்று ஆதரவாளர்களாகிய நாமே எழுதிக் கொடுப்போம். நாம் கேட்பதை நிறுத்தினால் அவர்கள் அனுப்புவதும் நின்றுவிடும்.

கல்லறைத் தோட்டத் தீர்மானம் இன்னும் எங்கள் கமிட்டியில் கிடக்கிறது. அடுத்த கூட்டத்தில் மறுபடியும் எழுப்பப் போகிறேன். சந்தாவில் இல்லாத புலம்பெயர் தொழிலாளருக்கு அடக்கத்துக்கு இடம் கொடுக்கலாம் என்று உங்கள் சேகரத்தில் ஏற்கெனவே தீர்மானம் போட்டிருந்தால், அதன் நகலை எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். எங்கள் சபைப் போதகர் ஐயரவர்களிடம் காட்ட வேண்டும்.